கே.பி.சுந்தராம்பாள்: செங்கோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது செங்கோட்டை. வகுப்பில், நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி.சுந்தராம்பாளின், அதாவது கே.பி.எஸ்.ஸின் பாட்டு ஒன்றை எடுத்தால் போதும், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும் தாத்தாக்களும் எழுந்து உள்ளே வந்துவிடுவார்கள். பிறகு பாடம் நடக்காது, கேள்விதான் நடக்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

கே.பி.எஸ். நம்ம செங்கோட்டைக்காரங்கதானே?

இல்லை. 'கே' என்பது கொடுமுடி. காவிரிக் கரையில், ஈரோட்டுப் பக்கம் இருக்கிற ஊர். அங்கே 1908-ல் பிறந்தார். அவருடைய அம்மா பெயர் பாலாம்பாள், அதுதான் 'பி'. செங்கோட்டை அவர் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பாவின் ஊர். அந்த உரிமையில்தான் நம் பக்கத்துப் பெரியவர்கள் அவரை 'நம்ம ஊர் மருமக' என்று சொல்லிக்கொள்வது. சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் மருமகள் என்பதோடு அவரை நிறுத்திவிடுகிறோமே என்பதுதான் எனக்குக் குறை. கிட்டப்பாவைச் சந்திப்பதற்கு முன்பே அவர் பெயர் போட்டால் கொட்டகை நிரம்பியது. கிட்டப்பா மறைந்த பிறகு இன்னும் நாற்பத்தேழு வருடம் இருந்தார். பாடியும் நடித்தும் வாழ்ந்தார். கல்யாண வாழ்க்கை ஆறே வருடம்.

கிட்டப்பா யார்? பிள்ளைகளுக்கு இந்தப் பெயரே தெரியவில்லை.

செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-ல்தான் திருநெல்வேலி ஜில்லாவுக்கு வந்தது, 2019-லிருந்து தென்காசி மாவட்டம். கிட்டப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அண்ணன்மாரோடு நாடகத்துக்குப் போய்விட்டார். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் பழகி, பிறகு காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனியில் நடித்துப் பெரிய பெயர் எடுத்தார். அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். தம்பி எங்கே போகப் போகிறார் என்பது அண்ணன் விரலுக்கு முன்கூட்டியே தெரியும் என்று எங்கள் தெருவில் பழையவர்கள் சொல்லுவார்கள். கிட்டப்பா படத்தில் நடிக்கவில்லை. பேசும் படம் வந்து இரண்டு வருடத்தில் போய்விட்டார். இசைத்தட்டுகள் மட்டும் இருக்கின்றன.

சுந்தராம்பாள் எந்த வயதில் மேடை ஏறினார்?

பத்து வயது நிறைவதற்கு முன்பே. வேலு நாயர் கம்பெனியில், 'நல்லதங்காள்' நாடகத்தில், பசியால் அழும் குழந்தை வேஷம். அந்தக் கதை நம் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும்: பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து, அண்ணியால் விரட்டப்பட்டு, ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த பெண்ணின் கதை. குழந்தை பசிக்கிறது என்று பாட வேண்டும். வீட்டில் நிஜமாகவே பசி தெரிந்த பிள்ளை அது. தகப்பன் துணையில்லாத குடும்பம், அம்மா, தம்பி, தங்கை. அந்தக் குரல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆகவே இதை 'சின்ன வயதிலேயே கலை ஆர்வம்' என்று மட்டும் சொல்லிப் போய்விடக் கூடாது. எட்டு, ஒன்பது வயதில் அவர் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக்காரி. பிற்காலத்தில் சம்பளம் பேசுவதில் அவர் கறாராக இருந்ததை யாராவது குறையாகச் சொன்னால் எனக்கு இந்தக் குழந்தைதான் நினைவுக்கு வரும்.

அதன் பிறகு இலங்கை. கொழும்பில் தமிழ் நாடகத்துக்கு அப்போது நல்ல கூட்டம். அங்கே போய் நடித்துத் தேறித் திரும்பிய கலைஞர்கள் பலர், அவர்களில் இவரும் ஒருவர்.

'ஸ்பெஷல் நாடகம்' என்கிறீர்களே, அதில் என்ன ஸ்பெஷல்?

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இது புரிந்தால்தான் கே.பி.எஸ். குரல் புரியும்.

கம்பெனி நாடகத்தில் ஒரு முதலாளி, அவரிடம் சம்பளத்துக்கு நடிகர்கள், ஒத்திகை, ஒரே குழு. ஸ்பெஷல் நாடகத்தில் குழுவே கிடையாது. ஊர்க் கொடைக்கு, அதாவது கோயில் விழாவுக்கு, நாடகம் வேண்டுமென்றால் ராஜபார்ட்டுக்கு (கதாநாயகன் வேஷம்) ஒருவரை மதுரையில் பேசுவார்கள், ஸ்திரீபார்ட்டுக்கு (கதாநாயகி வேஷம்) ஒருவரைப் புதுக்கோட்டையில் பேசுவார்கள், பபூன் (கோமாளி) வேறொரு ஊர், ஆர்மோனியம் வேறொரு ஊர். எல்லாரும் அன்று சாயந்திரம்தான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து கலகலப்பாக்கி, நாடகம் தொடங்கி, விடிய விடிய நடக்கும்.

ஒத்திகை இல்லாமல் எப்படி நடக்கிறது? எல்லாரும் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' என்று அந்தப் பாடங்களை எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல். அதுவரை அதுவும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆகத் தமிழ் நாடக மேடையின் பாட்டுப் புத்தகம் தாமிரபரணித் தண்ணீரில் ஊறியது என்று நான் உரிமையோடு சொல்லுவேன்.

பாடம் ஒன்று என்றாலும் நடுவில் திறந்தவெளி ஒன்று உண்டு. அதற்குப் பெயர் தர்க்கம். வள்ளி தினைப்புனத்தில் பரண் மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டுகிறாள். வேடனாக வந்த முருகன் கீழே நின்று வம்புக்கு இழுக்கிறான். அவன் பாட்டில் ஒரு கேள்வி போட, அவள் பாட்டிலேயே பதில் சொல்ல வேண்டும். அதே ராகம், அதே தாளம், அவனைவிட ஒரு படி மேலே. எதிராளி என்ன பாடப் போகிறார் என்று தெரியாது. திணறினால் கூட்டம் விடாது. நன்றாக இருந்தால் 'ஒன்ஸ்மோர்' சத்தத்தில் கொட்டகை அதிரும். ஸ்திரீபார்ட் என்றால் அழகாக வந்து நிற்கிற வேலை இல்லை. சொற்போர்.

அப்படிப்பட்ட மேடைக் காலத்தில் பழுத்த குரல் அது.

'ஐந்து கட்டை' என்கிறார்களே, என்ன அது? மைக் இல்லாமல் கடைசி ஆள்வரை எப்படிக் கேட்டது?

ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாக, அதாவது பாட்டுக்கு அடிப்படையான 'ஸ'வாக வைத்துப் பாடினால் ஒரு கட்டை. ஐந்தாவது வெள்ளைக் கட்டையை வைத்துப் பாடினால் ஐந்து கட்டை. ஆண்கள் சாதாரணமாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் பாடுவார்கள். பெண்களுக்கு ஐந்து ஒட்டி வசதியாக இருக்கும்.

இப்போது தர்க்கத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் இருப்பது ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றிப் பாட வேண்டும். பெண் கீழே இறங்கினால் குரல் எடுபடாது, மைக்கும் கிடையாது. ஆண்தான் மேலே ஏறி வர வேண்டும். அப்படி அநாயாசமாக மேலே ஏறி நின்ற தொண்டை கிட்டப்பாவுடையது. எம்.கே.தியாகராஜ பாகவதர், பி.யு.சின்னப்பா, டி.ஆர்.மகாலிங்கம் என்று நாடக மேடையிலிருந்து வந்த பாடகர்கள் எல்லாரும் உயர்ந்த சுருதிக்காரர்களாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

கடைசி ஆள்வரை கேட்டது வெறும் சத்தத்தால் அல்ல. கத்தினால் பத்து நாளில் தொண்டை போய்விடும். சொல்லின் முதல் எழுத்தை அழுத்திக் கடித்து விடுகிறார்கள், உயிரெழுத்தை வாய் நிறையத் திறக்கிறார்கள். மெய் பிடித்துக் கொடுக்கிறது, உயிர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கே.பி.எஸ். பாடிய எந்தப் பாட்டையும் வரி பார்க்காமல் கேட்டு எழுதிவிடலாம். என் வகுப்பில் இதை ஒரு பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளைகூடத் தப்பில்லாமல் எழுதிவிடும்.

அவர் குரல் ஏன் ஆம்பளக் குரல் மாதிரி இருக்கு?

பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இதைக் கேட்கிற பிள்ளையை அதட்டாதீர்கள்.

நாம் பெண் குரல் என்றாலே மெல்லிசானது, காதோடு பேசுவது என்று பழகிவிட்டோம். அது மைக் வந்த பிறகு உண்டான பழக்கம். கே.பி.எஸ். குரல் கனமானது, நெஞ்சிலிருந்து வருவது, திறந்தது. கீழ் ஸ்தாயியில் கம்பீரம், மேலே போகும்போதும் மெலிவதில்லை. எங்கள் ஆச்சி, வானொலியில் அவர் பாட்டு வந்தால் அம்மியை நிறுத்திவிடுவாள். ஒருநாள் நானும் இதே கேள்வியைக் கேட்டேன். "ஏட்டி, அது ஆம்பளக் குரலும் இல்ல பொம்பளக் குரலும் இல்ல, அது பெரிய மனுசி குரலு" என்றாள். இசை படித்து இத்தனை வருடம் கழித்தும் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிட்டப்பாவும் அவரும் எப்படிச் சேர்ந்தார்கள்? பிரிந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்களே?

1920-களின் நடுவில் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்தார்கள். இருவரும் அப்போதே பெயர் பெற்றவர்கள். ஒருவர் மற்றவரை அமுக்கிவிடுவார் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் பயந்தார்களாம். நடந்தது வேறு. 1927-ல் கல்யாணம். ஸ்ரீ கானசபா என்ற பெயரில் சேர்ந்து நாடகம் நடத்தினார்கள். 'வள்ளி திருமண'த்தில் அவர் வேலன், இவர் வள்ளி.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. மனஸ்தாபங்கள் வந்தன. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பாவின் உடம்பும் கெட்டது. இருவரும் பிரிந்தும் இருந்தார்கள். அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிறகு அச்சில் வந்திருக்கின்றன. படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கெஞ்சலும் உண்டு, நேரே நின்று கேட்கிற கேள்வியும் உண்டு. பெரிய பாடகி, ஊரே கொண்டாடுகிறவர், எல்லா வீட்டுப் பெண்களையும் போலத்தான் பதில் கடிதத்துக்குக் காத்திருந்திருக்கிறார். இதற்கு மேல் அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அதோடு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நடிப்பை விட்டுவிட்டாராமே?

வெள்ளைச் சேலை உண்மை. கடைசிவரை அதுதான். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று எடுத்த முடிவும் உண்மை. நடிப்பை விட்டுவிட்டார் என்பது மட்டும் உண்மையில்லை.

இந்தக் கதையை நம் பக்கம் சொல்லுகிற விதம் எனக்குப் பொறுப்பதில்லை. கிட்டப்பா போனார், அவள் வெள்ளை உடுத்தினாள், அவ்வளவுதான் கதை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவிடுகிறார்கள். அவருடைய சோகத்தை எனக்குச் சின்னதாக்கத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

கதாநாயகி என்றால் ஜோடி வேண்டும். ஜோடி இல்லை என்று முடிவெடுத்த இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு சினிமாவில் என்ன வேஷம் இருக்கிறது? அவர் ஏற்ற வேஷங்களைச் சொல்லுகிறேன். முதல் படத்தில் நந்தனார், அதாவது ஆண் வேஷம். அடுத்து மணிமேகலை, துறவு பூண்டவள். பிறகு ஔவையார், முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவள். பிறகு கவுந்தி அடிகள், சமணத் துறவி. பிறகு காரைக்கால் அம்மையார், இளமையை உதறிப் பேயுருக் கேட்டவள். ஒவ்வொன்றும் அந்த விரதத்துக்கு உள்ளே அடங்குகிறது. ஒவ்வொன்றும் படத்தின் நடுத்தூணாகவும் இருக்கிறது. தமிழ்ப் புராணத்திலும் காப்பியத்திலும் ஆண் துணை இல்லாமல் தனியே நடக்கிற பெரிய பெண்கள் யார் யாரோ, அவர்கள் எல்லாருக்கும் திரையில் இவர் குரல் கிடைத்தது. ஒரு கதவை அவரே சாத்தினார். மற்றக் கதவுகளைத் திறந்ததும் அவர்தான்.

நந்தனார் படத்துக்கு லட்ச ரூபாய் வாங்கினாராமே, நிஜமா?

நிஜம். 'பக்த நந்தனார்', 1935. தயாரித்தவர் ஹசன்தாஸ். நடிக்க விருப்பமில்லாமல், தட்டிக்கழிப்பதற்காகவே லட்சம் கேட்டார் என்றும், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றும் சொல்லுவார்கள். அன்றைக்குப் பவுன் விலை முப்பது ரூபாய்க்குள். மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கக்கூடிய பணம். இந்தியாவில் ஒரு நடிகைக்கோ நடிகருக்கோ அதுவரை யாரும் அப்படிக் கொடுத்ததில்லை என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கர்நாடக சங்கீதத்தில் உச்சியில் இருந்தவர். நாடகக்காரி ஒருத்தி நந்தனாராக முன்னே நிற்க, சபா வித்வான் துணை வேஷத்தில் வந்தார். சங்கீதக்காரர்களும் நாடகக்காரர்களும் ஒரே பந்தியில் உட்காராத காலம் அது. படத்தைக் கல்கி கடுமையாக விமர்சித்து எழுதினார். படம் எப்படி இருந்திருந்தாலும், அந்தக் கூலியும் அந்த இடமும் மேடைப் பெண்களுக்குக் கிடைத்த மரியாதை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. அப்போது பின்னணிப் பாட்டு முறை தமிழில் வரவில்லை. படம் பிடிக்கும்போதே பாட வேண்டும், பக்கவாத்தியம் கேமராவில் தெரியாமல் ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மேடையில் பழகியவர்களைத் தவிர வேறு யாரால் முடியும்?

ஔவையார் படத்தில் நடித்தது இவரா, ஔவை சண்முகமா?

இரண்டும் வேறு. டி.கே.எஸ். சகோதரர்களின் 'ஔவையார்' மேடை நாடகம். அதில் ஔவையாக வேஷம் கட்டியவர் டி.கே.சண்முகம், ஆண். அந்த வேஷம்தான் அவருக்கு 'ஔவை' என்ற பட்டத்தைக் கொடுத்தது. 1953-ல் வந்த ஜெமினி படத்தில் ஔவையார் சுந்தராம்பாள். எஸ்.எஸ்.வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம்.

அப்போது அவருக்கு 45 வயது. கிழவி வேஷம். முகத்தில் சுருக்கம் வரையலாம், குரலில் எப்படி வரைவது? அவர் குரலை நடுங்க வைக்கவே இல்லை. முதுமையைத் தளர்ச்சியாகக் காட்டாமல் நிதானமாகக் காட்டினார். கோட்டையை யானைக் கூட்டம் இடிக்கிற காட்சிக்காக அந்தப் படம் பேசப்பட்டது. நான் பார்த்தது தூர்தர்ஷனில், எங்கள் தெருவில் டிவி இருந்த ஒரே வீட்டில், நாற்பது பேரோடு தரையில் உட்கார்ந்து. யானைகளைவிட, அந்தக் கிழவி கோலை ஊன்றி நடந்து வருவதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் ஊரில் வயல் வரப்பில் போகிற ஆச்சிகள் அப்படித்தான் நடப்பார்கள், அவசரமே இல்லாமல்.

அரசியலிலும் இருந்தாரா?

இருந்தார். காங்கிரஸ் மேடைகளில் பாடினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரை ஊர் ஊராக அழைத்துப் போனார். பேச்சுக்கு வராத கூட்டம் அவர் பாட்டுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில், சென்னை மாகாணச் சட்ட மேலவை உறுப்பினரானார். நாட்டிலேயே சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக் கலைஞர் என்று அவரைச் சொல்லுவார்கள். 'கூத்தாடி' என்று கேலி பேசிய ஊரில் ஒரு நாடகக்காரி அந்த அவையில் உட்கார்ந்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லுவேன்.

பக்தையான அவர் கருணாநிதி எழுதிய படத்தில் எப்படி நடித்தார்?

'பூம்புகார்', 1964. வசனம் கருணாநிதி, வேஷம் கவுந்தி அடிகள். அவர் முருக பக்தை, இவர் பகுத்தறிவாளர். நடுவில் இருந்தது இளங்கோவடிகளின் கதை. 'கோவலன்' நாடகத்தில் வளர்ந்தவருக்கு அது வேற்று வீடு இல்லை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடக்கிற வழியில் துணைக்குப் போகிற அந்தக் கிழத் துறவியை அவரைத் தவிர வேறு முகத்தில் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

'பழம் நீயப்பா' யார் எழுதியது? கண்ணதாசனா, சங்கரதாஸ் சுவாமிகளா?

இரண்டு பேர் கையும் இருக்கிறது. 'ஞானப்பழத்தைப் பிழிந்து' என்ற பகுதி சங்கரதாஸ் சுவாமிகளுடையது; கே.பி.எஸ். நாடக நாளிலிருந்தே பாடி வந்தது. 1965-ல் ஏ.பி.நாகராஜன் 'திருவிளையாடல்' எடுத்தபோது, மாம்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன முருகனை ஔவை வழிமறித்துச் சமாதானப்படுத்தும் இடத்தில், கண்ணதாசன் வரிகளோடு இது சேர்ந்து வந்தது. இசை கே.வி.மகாதேவன். காட்டுநாயக்கன்பட்டிக்காரர் எழுதியதை, கொடுமுடிக்காரர் கொட்டகை கொட்டகையாகக் கொண்டுபோய், வெள்ளித்திரையில் நிறுத்தினார். இன்றைக்கு வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் ரோட்டில் நடக்கிறவர்கள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போகிறார்கள். சொந்த ஊர்ப் பாட்டு வீட்டுக்குத் திரும்பி வந்த மாதிரி.

அந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது, அவர் முருகனிடம் கெஞ்சவில்லை. கோபித்துக்கொண்ட பேரனை மடியில் இழுத்து உட்கார வைக்கிற பாட்டியின் அதட்டல் அதில் இருக்கிறது. 'அப்பா' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் வேறு வேறு எடையில் வைக்கிறார். ஒரு முறை செல்லம், ஒரு முறை கண்டிப்பு, ஒரு முறை தொழுகை.

மொத்தம் எத்தனை படம்? என்னென்ன விருது?

படங்கள் ஒரு டஜன் அளவுதான். ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வாழ்க்கையில் அது சொற்பம்; மேடையும் கச்சேரியும் இசைத்தட்டும்தான் மிகுதி. பிற்காலப் படங்களில் 'மகாகவி காளிதாஸ்' 1966, 'கந்தன் கருணை' 1967, 'துணைவன்' 1969, 'காரைக்கால் அம்மையார்' 1973.

'துணைவன்' படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் காலமானார்.

நம்ம ஜில்லாவிலிருந்தே அப்படி மேடைக்கும் சினிமாவுக்கும் போன நடிகை யாராவது உண்டா?

உண்டு, இவரையும் மறந்துவிடுகிறோம். எஸ்.டி.சுப்புலட்சுமி. ஸ்ரீவைகுண்டத்துக்காரர். பாகவதரோடு மேடையில் 'பவளக்கொடி' நடித்தார். அந்த நாடகத்தைப் பார்த்த இயக்குநர் கே.சுப்ரமணியம் அவர்கள் இருவரையும் வைத்தே 1934-ல் அதைப் படமாக எடுத்தார். பாகவதருக்கும் அதுதான் முதல் படம், பாட்டுகளே ஐம்பது அளவில். 1936-ல் 'பக்த குசேலா'வில் கிருஷ்ணனாகவும் குசேலரின் மனைவியாகவும் இரண்டு வேஷம். கே.பி.எஸ். நந்தனாரான அடுத்த வருடமே இவர் கிருஷ்ணன். பெண்கள் ராஜபார்ட் கட்டுகிற மேடை வழக்கம் அப்படியே சினிமாவுக்குள் வந்தது. 1939-ல் கல்கியின் 'தியாகபூமி'. புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று கோர்ட்டில் நின்று சொல்லுகிற சாவித்திரி இவர்தான். வெள்ளைக்கார அரசாங்கம் அந்தப் படத்தைத் தடை செய்தது.

ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் யாரிடமாவது அவரைப் பற்றிக் கேட்பேன். கள்ளபிரான் கோயிலுக்கு வழி சொல்லுவார்கள், குமரகுருபரர் பிறந்த ஊர் என்பார்கள், அணைக்கட்டைக் காட்டுவார்கள். இவர் பெயரை இதுவரை ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

என் பிள்ளைக்கு கே.பி.எஸ். பாட்டு சொல்லிக்கொடுக்கணும். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

கேட்பதற்கு 'கந்தன் கருணை'யில் அரியது எது, கொடியது எது என்று முருகன் கேட்க ஔவை பதில் சொல்லுகிற பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பழந்தமிழ்ச் செய்யுள் எப்படி வாயில் உட்கார வேண்டும் என்று அது காட்டிவிடும். அடுத்து 'காரைக்கால் அம்மையா'ரில் 'தகதகதகதகவென ஆடவா'. அவ்வளவு வேகத்திலும் ஒரு எழுத்தும் உதிராது. வேகப் பாட்டைப் பிள்ளைகளுக்கு உடனே கொடுக்காதீர்கள், சும்மா கேட்கட்டும்.

பாடுவதற்கு 'பழம் நீயப்பா' முதல் இரண்டு வரி மட்டும். நான் ஒரு மாதம் அந்த இரண்டு வரியிலேயே நிறுத்தி வைப்பேன். நம் பக்கம் எல்லாருக்கும் நாக்கில் 'பளம்'தான். வாளைப்பளம், பலாப்பளம், சந்தையிலும் அதுதான், வீட்டிலும் அதுதான். அதில் ஒரு குறையும் இல்லை, என் ஆச்சியும் அப்படித்தான் பேசினாள். பாட்டில் மட்டும் ழகரம் வேண்டும். நாக்கு நுனியை மேலே மடித்து, அண்ணத்தைத் தொடாமல், தொடப்போகிற இடத்தில் நிறுத்து என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அப்போது பாட்டைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லுவேன். அவர் 'ப'வில் சீக்கிரம் விடுபட்டு 'ழ'வில் ஒரு கணம் தங்குகிறார், பிறகு 'ம்'மில் வாயை மூடுகிறார். பழத்தைக் கடித்து, சாறு வாயில் நிற்க, உதடு மூடுவதைப் போல.

போன கோடையில் இலஞ்சியிலிருந்து வருகிற ஒரு பையன், மூன்று வாரம் 'பளம்' 'பளம்' என்றே பாடிக்கொண்டிருந்தவன், ஒரு சாயந்திரம் திடீரென்று சரியாகச் சொல்லிவிட்டான். வெளியே சாரல். திண்ணையில் காத்திருந்த அவன் தாத்தா குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, "இன்னொரு மட்டம் சொல்லுடே" என்றார்.